மூன்றாம் வரிசையில் இருக்கும் பிள்ளை

என் தம்பி அந்த வண்டியை எங்கள் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது என் கணவர் ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. இருபத்தொரு வருடம் வளைகுடாவில் ஒரே அரபி வீட்டில் கார் ஓட்டியவர். இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. பாறசாலைக்குப் போக வேண்டுமென்றால் பஸ், பக்கத்தில் என்றால் நடை. டாக்சி ஓட்டலாமே என்று சர்ச்சில் யாராவது கேட்டால், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கேன் என்று சொல்லிச் சிரிப்பார். ஆனால் காலை நாலரைக்கே எழுந்து குளித்துவிடுவார். தேய்த்த சட்டையை உடுத்து, தலைசீவி, போவதற்கு இடமில்லாமல் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதும் அங்கேதான் இருப்பார். சாயங்காலம் வரும்போது சட்டை மட்டும் மாறியிருக்கும்.

தம்பிக்கு நெய்யாற்றின்கரையில் டைல்ஸ் கடை. முதலில் ஒன்று இருந்தது, இப்போது இரண்டு. மூன்று வரிசை இருக்கை உள்ள பெரிய வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். திருவனந்தபுரத்து ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து அவனுக்குத் திருப்தியாகவில்லை. குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர வேண்டும் என்று கேட்டிருக்கிறான், அவர்களும் சனிக்கிழமை ஒரு நாளைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அவன் பார்த்துவைத்திருந்தது என் கணவர் வளைகுடாவில் கடைசி ஐந்து வருடம் ஓட்டிய அதே ரக வண்டி.

"அத்தான் ஓட்டிப் பாத்துச் சொன்னா போரும். எனக்கு வேற ஆருடைய அபிப்ராயமும் வேண்டாம்" என்றான்.

அந்த வண்டியைப் புகைப்படங்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் அனுப்பும் படங்களில் அவரைவிட அது பெரிதாக இருக்கும். நேரில் பார்க்க அதைவிடவும் பெரிதாக இருந்தது. எங்கள் இடவழியில் இரண்டு பக்கத்து மதிலுக்கும் நடுவே அடைத்தாற்போல் நின்றது. கறுப்பு நிறம், கதவில் டெஸ்ட் டிரைவ் என்று ஒட்டியிருந்தார்கள்.

வர மாட்டேன் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு மெல்லிய துணி எடுத்துவந்து, இரண்டு பக்கத்துக் கண்ணாடிகளையும் துடைத்தார். குனிந்து நான்கு டயர்களையும் பார்த்தார். பிறகு வளைகுடாப் பழக்கத்தில் நேராக இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறப்போய், ஸ்டியரிங் அங்கே இல்லாததைக் கண்டு அப்படியே நின்றார். தம்பி சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. சுற்றி வந்து வலதுபக்கம் ஏறினார், உடனே எதையோ நினைத்துக்கொண்டவர்போல மறுபடியும் இறங்கினார். பின்கதவைத் திறந்து, கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"ஏறுங்க."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் என்னை வா, போ என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் என்றால் கேறு என்பார், பிரியமாக இருக்கும் நாளில் கேறுட்டி என்பார். என்னைத்தான் சொன்னாரா என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தம்பியின் மனைவி எனக்குப் பின்னால்தான் நின்றாள், ஆனால் அவர் வாய் தவறித்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்ததும் கதவை அறையாமல், சத்தமே இல்லாமல் சேர்த்து அடைத்தார்.

தம்பி முன்னால் உட்கார்ந்தான். இரண்டாம் வரிசையில் நானும் அவன் மனைவியும். மூன்றாம் வரிசையில் என் மகளும் தம்பியின் ஆறு வயது மகளும். என் மகளுக்கு அப்போது பதினேழு. தனுவச்சபுரத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நெய்யாறு அணைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது பைபாஸில் காரோடு என்ற ஊர் வரை ஓட்டிப் பார்ப்பது என்று திட்டம். நான் விடியற்காலையிலேயே எழுந்து எல்லோருக்கும் வாழையிலையில் பொதிச்சோறு கட்டியிருந்தேன். துலாம் மாதம், தமிழுக்கு ஐப்பசி. காலையில் வெயில் இருந்தாலும் மதியத்துக்கு மேல் மழை வரும் என்பதுபோல வானத்தின் ஓரம் கறுத்திருந்தது.

அவர் வண்டி ஓட்டுவதை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாடகைக் கார் பிடிப்பார், அவரும் எங்களோடு பின்னால் உட்காருவார். இப்போது அவருடைய கழுத்தின் பின்புறமும் கண்ணாடியில் அவருடைய கண்களும்தான் எனக்குத் தெரிந்தன. நெய்யாற்றின்கரை தாண்டி ஒற்றசேகரமங்கலம் வழியாகப் போகிற சாலை குறுகலானது, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். எதிரில் லாரி வந்தால்கூட எங்களுக்கு உடம்பு அசையவில்லை. அவ்வளவு நிதானம். தம்பி கேட்டுக்கொண்டே வந்தான், இழுவை எப்படி, பிரேக் எப்படி, அங்கே ஓட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா என்று. அவர் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். கொஞ்சம் மிதித்துப் பார்க்கச் சொன்னான் தம்பி.

"பின்னால பிள்ளை இருக்குல்லா" என்றார் அவர்.

எங்களிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. வழியில் அவருக்குத் தெரிந்த இடங்கள் எத்தனையோ வந்தன. எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு அவர் வீட்டார் வந்திறங்கிய சர்ச்சும் அந்த வழியில்தான். நான் காட்டினேன். கண்ணாடியில் என் பக்கம் ஒரு தடவை பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பின்னால் ஏசி எத்தனையில் இருக்கிறது என்று முன்னாலிருந்தே பார்த்து, யாரும் கேட்காமலே இன்னும் குளிராகக் குறைத்து வைத்தார். தம்பி மனைவி என் காதோரம் குனிந்து, மைனி, இவிய கோபமா இருக்காவளா என்று கேட்டாள். இல்லை என்றேன். கோபமானால் எனக்கு அடையாளம் தெரியும். இது எனக்குத் தெரியாத ஒன்றாக இருந்தது.

கள்ளிக்காட்டுக்கு முன்னால் வளைவுகள் அதிகமான ஒரு இடத்தில் திடீரென்று வண்டி ஓரம் ஒதுங்கி நின்றது. என்னவென்று கேட்பதற்குள் அவர் இறங்கி, பின்பக்கம் வந்து, என் மகளைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிட்டார். அவள் முகம் வெளுத்திருந்தது. ரப்பர் மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். அவர் ஒரு கையால் அவள் முடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு டிரைவர் கதவின் உட்பையிலிருந்து ஈரத் துணி, தண்ணீர் பாட்டில், பாதியாக நறுக்கி உறையில் போட்ட எலுமிச்சங்காய் எல்லாம் வந்தன. காலையில் நான் சோறு கட்டிக்கொண்டிருந்தபோதே எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

மகள் வாயைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. சிறு வயதிலிருந்தே அவளுக்கு இந்தத் தொந்தரவு உண்டு. பஸ்ஸில் சன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் தனுவச்சபுரம் போய்ச் சேர்வதற்குள் சோர்ந்துவிடுவாள். போனில் பேசும்போது இதையெல்லாம் அவரிடம் நாங்கள் சொன்னதில்லை, தூரத்தில் இருப்பவரை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும் என்று.

"எனக்கு வண்டியில வாந்தி வரும்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டாள்.

அவருக்குச் சட்டென்று பொய் சொல்ல வராது. சொல்லியிருக்கலாம்.

"ஒனக்கு வரும்னு எனக்குத் தெரியாது மக்கா. அந்த வீட்டுல சின்ன மகளுக்கு வரும். அவ மூணாவது வரிசையிலதான் இருப்பா. வளைவு வந்தா நான் கண்ணாடியில அவ மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும். பழகிப்போச்சு."

மகள் தண்ணீர் பாட்டிலை மூடினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று மெதுவாகக் கேட்டாள். உன்னைவிட இரண்டு வயது மூப்பு என்றார் அவர், நாலு வயதிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது நான்தான் என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அவள் திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். இரண்டாம் வரிசைக்கு வா, நான் பின்னால் போகிறேன் என்று கூப்பிட்டேன். வேண்டாம்மா, இங்கேயே இருக்கேன் என்றாள்.

அணையில் அன்றைக்குக் கூட்டம் அதிகமில்லை. தண்ணீர் கலங்கிக் கிடந்தது, எதிர்க் கரையில் மலை பாதிவரைக்கும் மேகத்தில் மறைந்திருந்தது. நாங்கள் ஒரு நிழலில் விரிப்பு போட்டு உட்கார்ந்தோம். அவர் வரவில்லை. தம்பி இங்கிருந்தே கையசைத்துக் கூப்பிட்டான், அவர் அங்கிருந்து கையசைத்து நீங்கள் சாப்பிடுங்கள் என்று காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் ஒரு பொதியை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனேன்.

அவர் வண்டியின் நிழல் விழுந்த பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பொதியை வாங்கி, பானெட்டின் மேல் செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்து, நின்றபடியே வேகமாகச் சாப்பிட்டார். மீனை முள் எடுத்துத் தின்ன அவருக்குப் பொறுமையில்லை, ஒதுக்கிவிட்டார். அவ்வளவு பிரியமாக மீன் தின்கிறவர். அங்கே வந்து உட்காரலாமே, வண்டியைத்தான் பூட்டியாயிற்றே என்றேன். வண்டியை விட்டுவிட்டு வர முடியாது என்றார்.

"இஞ்ச ஆரு ஒங்களக் கேக்கப்போறா?" என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். கல்யாணம் முடிந்து திரும்பிப் போன புதிதில் ஒருநாள் ஒரு பெரிய கடையின் வெளியே அந்த அரபிக் குடும்பத்தை இறக்கிவிட்டு, நம்ம ஊர்க்காரன் ஒருவன் கூப்பிட்டான் என்று சாப்பிடப் போயிருக்கிறார். பத்து நிமிடம். திரும்பி வந்து பார்த்தால் மொத்தக் குடும்பமும் வெயிலில் வண்டி பக்கத்தில் நிற்கிறது, வீட்டுக் கிழவர் உட்பட. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க அவரிடம் யாரும் பேசவில்லையாம். எங்கே போக வேண்டும் என்பதைக்கூடத் துண்டுச்சீட்டில் எழுதி முன் இருக்கையில் வைத்துவிடுவார்களாம். வேலை போய்விடும் என்று தினமும் நினைத்தேன், நீ அப்போது மாசமாக இருந்தாய், அதனால் சொல்லவில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் வண்டியை விட்டு நகர்ந்ததில்லை. மழையோ வெயிலோ, கல்யாண வீடோ ஆஸ்பத்திரியோ, நின்றுகொண்டேதான் சாப்பாடு.

இதை அவர் என்னிடம் சொல்ல பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. நான் இலையை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் திருப்புறம் பக்கம் பைபாஸில் ஏறியதும், இனி நான் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன் என்றான் தம்பி. மழை தூறத் தொடங்கியிருந்தது. தம்பி மகள் தூங்கிப்போய், இரண்டாம் வரிசையில் தாயின் மடியில் கிடந்தாள். அத்தான் முன்னால் இருங்க என்று தம்பி சொல்லியும் கேட்காமல், என் கணவர் எங்களைத் தாண்டி மூன்றாம் வரிசைக்குள் குனிந்து போனார். மகள் தன் பையை எடுத்து மடியில் வைத்து இடம் கொடுத்தாள். உயரமான மனிதர். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. தம்பி வேகம் எடுத்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கால் கீழே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

"இஞ்ச நல்லா குளிருதே" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"காலத்த இருந்தே குளிருது."

"சொல்லப்பிடாதா மக்கா?"

"நீங்க வண்டி ஓட்டிட்டு இருந்தீங்க" என்றாள் அவள்.

அவர் கையை உயர்த்தி, தலைக்கு மேலே இருந்த காற்று வழியைத் தேடித் திருகி அடைத்தார். கான்கிரீட் சாலையில் டயரின் இரைச்சல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளிடம் ஏதாவது பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவருக்குப் பேசத் தெரிந்த விஷயமும் அந்த வண்டி ஒன்றுதான். அங்கே இதே ரக வண்டியில் ஒரே ஒரு முறைதான் பின்னால் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். கடைசியாக ஊருக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்குப் போகும்போது. யார் ஓட்டினது என்று மகள் கேட்டாள். அந்தச் சின்ன மகள்தான், லைசென்ஸ் எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்றார். அவளுக்கு லைசென்ஸ் கிடைத்ததும்தான் வீட்டில் இனி டிரைவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இதையும் அதுவரை நாங்கள் அறிந்திருக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை, போதும் என்று வந்துவிட்டேன் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்.

"அவளுக்கு ஆரு ஓட்டப் படிப்பிச்சா?" மகள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நான்தான்."

மகள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கு முந்தின ஓணப் பரீட்சை விடுமுறை முழுக்க, நான் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகும் ஸ்கூட்டரை ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று அவர் பின்னாலேயே நடந்தாள் அவள். பிறகு பார்க்கலாம், ரோட்டில் வண்டி அதிகம் என்று சொல்லி அவர் விட்டுவிட்டார். அது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

பைபாஸ் முடிகிற இடத்தில் ஒரு ரோட்டோரத் தட்டுக்கடையில் நிறுத்தி எல்லோருக்கும் சாயா வாங்கினான் தம்பி. அவனுக்கு வண்டி பிடித்துவிட்டது. அடுத்த வாரமே பணம் கட்டிவிடலாம் என்றான். கண்ணாடிக் கிளாசைக் கையில் உருட்டிக்கொண்டே, தப்பா நினைக்காதீங்க என்று தொடங்கினான்.

"எனக்கு ரெண்டு கடைக்கும் ஓடதுக்கே நேரமில்ல. கொச்சுப் பிள்ளைய ஸ்கூலுக்கு விடணும், வீட்டுக்காரிக்கும் ஓட்டத் தெரியாது. வெளியாள நம்பி இத்தற பெரிய வண்டியக் குடுக்க மனசில்ல. அத்தான் சும்மாதானே இருக்கீங்க."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. உண்மையாகவே உதவுகிறோம் என்று நினைத்துத்தான் கேட்டான், அது எனக்குத் தெரியும். என் கணவர் அவனை எலே என்று கூப்பிட்டு வந்தவர். எங்கள் கல்யாணத்தின்போது இவன் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தான், முதல் விடுமுறையில் இவனுக்கு வாட்ச் வாங்கிக்கொண்டு வந்தவர். மறுத்துவிடுவார், அல்லது சிரித்துச் சமாளிப்பார் என்று காத்திருந்தேன்.

"காலத்த எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் சண்டை போட்டேன். என் தம்பிக்கு நீங்கள் டிரைவரா, சர்ச்சில் நாலு பேர் முன்னால் எப்படி நிற்பேன் என்றெல்லாம் கேட்டேன். சொல்லச் சொல்ல என் பேச்சு எனக்கே அசிங்கமாக இருந்தது. இருபத்தொரு வருடம் யாரோ ஒருவருக்கு ஓட்டியதில் வராத வெட்கம் இப்போது மட்டும் ஏன் வருகிறது என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

"குளிச்சு உடுத்துட்டு எங்க போகணும்னு தெரியாம எட்டு மாசம் இருந்தேன். இப்ப ஒரு எடம் உண்டு, இல்லியா" என்றார்.

வண்டி வந்தது. தினமும் காலை ஏழு மணிக்குத் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார். தம்பியை அவர் எலே என்று கூப்பிட்டு அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. வா போ என்பதும் நின்று, வாங்க போங்க என்று ஆனது. தம்பிக்கு முதலில் கூச்சமாக இருந்தது, வேண்டாம் அத்தான் என்றான். பிறகு பழகிவிட்டது. விருந்துக்கு அங்கே போகும் நாட்களில் நாங்கள் மேசையில் உட்காருவோம். அவர் போர்ட்டிகோவில் வண்டி பக்கத்திலேயே தட்டை வாங்கிக்கொள்வார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டு நானும் விட்டுவிட்டேன். மகள் மட்டும் அந்த வண்டியில் ஏறவே மாட்டாள். கோபித்துக்கொள்வதில்லை, காரணமும் சொல்வதில்லை. பஸ்ஸில் போறேன் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நல்ல மழை. நானும் மகளும் குடையோடு ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றோம். வண்டி எங்கள் முன்னால் வந்து நின்றது. உள்ளே தம்பியும் மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள். அக்கா கேறு என்றான் தம்பி. நான் நனைந்துபோயிருந்ததால் ஏறிவிட்டேன். மகள், பஸ் இப்ப வரும் மாமா என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

வண்டி நகரவில்லை. என் கணவர் விளக்குகளை மினுங்கவிட்டு, கொஞ்சம் முன்னால் எடுத்து ஓரமாக நிறுத்தினார். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கடையில் ஆள் காத்திருப்பதாகத் தம்பி சொன்னான், போவோமே அத்தான் என்றான்.

"பஸ் வரட்டு" என்றார் அவர்.

தம்பி மனைவி மடியில் இருந்த பைபிளின் மேல் விழுந்த மழைத்துளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. மகள் குடையை மடக்கி ஏறுவது பின்கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. அவளுக்குச் சன்னல் ஓரம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார். முந்திப் போக இடம் இருந்தும் முந்தாமல், எங்கள் ஸ்டாப் வரும்வரை அதன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.